கூடி விளையாட என்ன விலை?

விளையாட்டுக்கு விலை உண்டா என்று நம் பாட்டிமாரிடம் கேட்டால் சிரிப்பார்கள். பாண்டி ஆட ஓர் ஓட்டுச் சில்லு போதும். தாயத்துக்கும் பல்லாங்குழிக்கும் புளியங்கொட்டையே போதும். இன்றோ ஒருவரோடு ஒருவர் கூடி விளையாடுவதற்கே கட்டணம் கேட்கும் காலம் வந்துவிட்டது. கைப்பேசியிலும் கணினியிலும் பலர் சேர்ந்து ஆடும் வீடியோ கேம்களைத்தான் சொல்கிறேன். என் தந்தை நாள்தோறும் கணக்கு நோட்டு எழுதுபவர். பால், மளிகை, மின்கட்டணம் என்று எழுதி வந்தவர், சென்ற கோடை விடுமுறையில் "விளையாட்டு" என்று புதிதாக ஒரு வரி எழுத நேர்ந்தபோது, "கொடுக்கிற காசுக்கு இது தகுமா?" என்று என்னிடம் கேட்டார். தோழியருள் பலரும் தம் வீட்டில் இக்கேள்வியைக் கேட்டிருப்பீர்கள். நான் படித்தறிந்ததையும் எங்கள் வீட்டில் கண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில், நாம் காசு கொடுத்து வாங்குவது எதனை? எங்கள் வீட்டுப் பரணில் ஒரு கேரம் பலகை இருக்கிறது. அண்ணன் ஆறாம் வகுப்புப் படித்தபோது வாங்கியது. மெருகு போய்விட்டது, ஸ்டிரைக்கர் இருமுறை தொலைந்து இருமுறை மாற்றியாயிற்று. அதை விற்ற கடையை மூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும் பலகை இருக்கிறது, பவுடர் தூவினால் காய் ஓடுகிறது. கடைக்காரர் கடையை மூடும்போது, தாம் விற்ற பலகைகளையெல்லாம் வீடு வீடாகச் சென்று திரும்ப எடுத்துக்கொண்டு போனதாக நாம் கேள்விப்பட்டதுண்டா?

வீடியோ கேம் உலகில் அது நடந்திருக்கிறது. பிரெஞ்சு நிறுவனமான யுபிசாஃப்ட் 2014 டிசம்பரில் 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டை வெளியிட்டது. அமெரிக்க நாடு முழுவதையும் சுருக்கி வரைந்த சாலைகளில் நண்பர்களுடன் காரோட்டலாம், தனியாகவும் ஓட்டலாம். ஆனால் தனியாக ஓட்டுவதற்குங்கூட நிறுவனத்தின் சர்வரோடு இணைப்பு வேண்டும். 2024 மார்ச் 31 அன்று அந்தச் சர்வரை நிறுத்தினார்கள். அன்றோடு, முழு விலை கொடுத்து வாங்கியவர் கையில் இருந்த வட்டும் வெறும் தட்டாயிற்று. இதைக் கண்டு கொதித்தவர்கள் அவ்வாண்டே ஓர் இயக்கம் தொடங்கினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்பிய அவர்கள் கோரிக்கையில் 2025 ஜூலைக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டமே இயற்றியது. 2025 ஜனவரி 1 முதல், இத்தகைய பொருள்களை "வாங்கு" என்று சொல்லி விற்கும் இணையக் கடைகள், வாங்குபவருக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்று தெளிவாக அறிவித்தாக வேண்டும். விலைக்கு வாங்கியதாக நாம் நினைப்பது உண்மையில் வாடகை என்பதை ஒப்புக்கொள்ள ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது!

சர்வர் இருந்தாலும் ஆள் வேண்டுமே. சோனி நிறுவனம் 'கான்கார்ட்' என்னும் விளையாட்டை 2024 ஆகஸ்டு 23 அன்று 40 டாலர் விலையில் வெளியிட்டது. பல ஆண்டுகள் பாடுபட்டு, பெரும் பொருட்செலவில் உருவாக்கியது. ஆடத்தான் ஆளில்லை. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில், ஒரே நேரத்தில் ஆடியவர் தொகை எழுநூறைக்கூட எட்டவில்லை. இரண்டே வாரத்தில், செப்டம்பர் 6 அன்று அதை மூடிவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்தது நேர்மைதான். எனக்கு அதில் தெரிந்தது வேறொன்று. படம் அழகாயிருந்து, ஓசை இனிதாயிருந்து, எதிரே ஆள் இல்லையென்றால் கூடி ஆடும் விளையாட்டில் எஞ்சுவது ஒன்றுமில்லை. நிறுவனம் பந்தலைப் போடலாம். விருந்தாளிகளை அதனால் செய்ய முடியாது.

"அப்படியானால் இலவச விளையாட்டுகளை ஆடலாமே, நட்டமில்லையே" என்று தோழியர் சிலர் சொல்லக்கூடும். என் கணக்கில் அதிக விலை உள்ளவை அவைதாம். 2017 இல் வெளிவந்த 'ஃபோர்ட்நைட்' போர் விளையாட்டில் நுழையக் கட்டணமில்லை. உள்ளே சென்றபின் உடை, நடனம், முதுகுப்பை என்று ஒவ்வொன்றும் விலைக்கு. அவற்றால் ஆட்டத்தில் ஒரு புள்ளிகூடக் கூடாது. பிறர் பார்க்க வேண்டும், அவ்வளவே. காசு என்று சொன்னால் கை தயங்கும் என்பதால், முதலில் ரூபாயையோ டாலரையோ அவர்களுடைய விளையாட்டுக் காசாக மாற்றிக்கொள்ளச் செய்கிறார்கள். திருவிழாக் கடையில் டோக்கன் வாங்கிய பிறகு கணக்குப் பார்க்காமல் செலவழிக்கிறோமே, அதே தந்திரம். ஒரு பொத்தானைத் தவறி அழுத்தினாலே பணம் போகும்படியும், பெற்றோர் அறியாமல் பிள்ளைகள் வாங்கும்படியும் இருந்ததென அமெரிக்க அரசின் வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 2022 டிசம்பரில் அதன் உரிமையாளரான எபிக் நிறுவனம் மொத்தம் 52 கோடி டாலர் செலுத்த இசைந்தது. அதில் 24.5 கோடி டாலர் வாங்கியவர்களுக்குத் திருப்பித் தருவதற்கு.

நம் நாட்டில் 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் உள்ளிட்ட 118 செயலிகளை அரசு தடைசெய்தது நினைவிருக்கும். அக்டோபர் இறுதியில் சேவை நின்றது; 2021 ஜூலையில் வேறு பெயரோடுதான் அவ்விளையாட்டு திரும்பியது. இடைப்பட்ட எட்டு மாதங்கள், காசு கொடுத்துச் சேர்த்த உடையெல்லாம் யாரும் திறக்க முடியாத பெட்டிக்குள் கிடந்தன.

என் சித்தி மகன் வேறொரு துப்பாக்கி விளையாட்டில் இப்படி உடை சேர்ப்பவன். பொங்கலுக்குப் பெரியவர்கள் கொடுத்த பணம், மாமா கொடுத்த பணம் எல்லாம் அதற்கே. அவனுடைய கூட்டாளிகள் நால்வரும் ஒருவர் பின் ஒருவராக அந்த ஆட்டத்தை விட்டு வேறொன்றுக்குப் போய்விட்டார்கள். பட்டு உடுத்திக்கொண்டு கல்யாணம் முடிந்த மண்டபத்துக்குப் போனவர் போல அவன் மட்டும் அங்கே நிற்கிறான். பாவமாகத்தான் இருக்கிறது.

இவ்வளவும் சொன்ன நான் இத்தகைய விளையாட்டுக்கு எதிரி என்று எண்ணிவிடாதீர்கள். எங்கள் அப்பாவின் நோட்டில் ஏறிய அந்த வரி, 'மைன்கிராஃப்ட்' விளையாட்டுக்கானது. 2011 இல் முழுமையாக வெளிவந்த அது 2023க்குள் 30 கோடிப் பிரதிகளுக்குமேல் விற்றிருக்கிறது. கட்டைகளை அடுக்கி வீடோ ஊரோ கட்டுவதுதான் ஆட்டம். கைப்பேசியில் ஒருமுறை விலை கொடுத்தால் போதும்; அழைத்த நண்பர் உள்ளே வரத் தனிக் கட்டணம் இல்லை. நாம் கட்டும் உலகம் நம் கருவியிலேயே இருக்கும், பிரதியும் எடுத்து வைக்கலாம். என் வயதுக்கு, பிறருடன் சேர்ந்து ஆட அப்பாவின் ஒப்புதலையும் அது கேட்டது. முன்பின் அறியாதவர் யாரும் உள்ளே வர வழியில்லாதபடி அமைத்துக்கொண்டோம். எனக்கொன்று, அண்ணனுக்கொன்று என இரண்டு வாங்கிய செலவு, வீட்டோடு சினிமாவுக்கு இரண்டு தடவை சென்றுவரும் செலவைத் தாண்டவில்லை.

அண்ணன் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்கிறார். வாரம் தவறாமல் பேசுவார். பேச்சு என்று பெயரேயொழிய, "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "மழை உண்டா?" "இல்லை" என்பதோடு முடிந்துவிடும். அன்பில்லாமல் இல்லை, பேசப் பொருளில்லை. விளையாட்டு வந்தபின் ஞாயிறு பிற்பகலில் அம்மாவின் கைப்பேசியில் ஸ்பீக்கரைப் போட்டு வைத்துக்கொண்டு, என் டேப்லெட்டில் இருவரும் கட்ட ஆரம்பித்தோம். எதைக் கட்டலாம் என்றபோது அண்ணன்தான், "ஆச்சி வீடு" என்றார். ஆச்சி காலமான பின் அந்த வீட்டை விற்றுவிட்டோம், வாங்கியவர்கள் இடித்துவிட்டார்கள்.

திண்ணை வந்தது. முற்றம் வந்தது. புறவாசலில் கொய்யாவுக்கு வழியில்லை. ஓக் மரத்தையே கொய்யா என்று நட்டோம். அதன் இலையை உதிர்த்தால் சில வேளை ஆப்பிள் விழும்! கிணறு எந்தப் பக்கம் என்பதில் எனக்கும் அண்ணனுக்கும் சண்டை. அடுக்களையில் மாவு ஆட்டிக்கொண்டிருந்த அம்மா, இந்த விளையாட்டை அதுவரை "தண்டச் செலவு" என்றே சொல்லி வந்தவர், ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்து, "ஏலே, கிணறு அங்ஙன இல்ல. துவைக்கல்லுக்குக் கிழக்க" என்றார்.

அன்று முதல் மேஸ்திரி அம்மாதான். அரங்கில் நெல் கொட்டும் குலுக்கை ஒன்று இருந்ததாம். நாங்கள் பிறக்கும் முன்பே அதை உடைத்துவிட்டார்களாம். அதன் வாய் எவ்வளவு அகலம், ஆச்சி எந்த முக்காலியில் ஏறி நெல் அள்ளுவார், ஒருமுறை அம்மா அதற்குள் ஒளிந்துகொண்டு ஊரே தேடியது எல்லாம் அப்போதுதான் வெளிவந்தது. அண்ணன் அங்கே சிரித்த சிரிப்பைத் தொலைபேசியில் நான் அதற்குமுன் கேட்டதில்லை.

நோட்டில் ஏறாத செலவும் உண்டு என்பதை மறைக்கவில்லை. ஒரு ஞாயிறு பிற்பகல் முழுதும் போகிறது. திங்கட்கிழமைக் கணக்குப் பாடம் இரவு பத்து மணிக்கு என்னை முறைத்துப் பார்க்கிறது. தேர்வு மாதத்தில் டேப்லெட் அப்பாவின் பீரோவுக்குள் போய்விடும். அது எங்கள் ஒப்பந்தம்.

இப்போது அண்ணனுக்கு வேலை முறை மாறிவிட்டது. இரண்டு மாதமாக ஞாயிறுதோறும் பகல் ஷிஃப்டு. ஆச்சி வீட்டில் கூரையின் தென்புறம் இன்னும் ஓடு வேயவில்லை. நான் ஒருத்தியே அரை மணியில் போட்டுவிடலாம். அம்மா விடுவதாயில்லை. "அவன் வரட்டும், நீ அதுல கை வைக்காத" என்று சொல்லியிருக்கிறார்.