எண்ணுக்குள் அடங்காதோர்

மக்கள்தொகைக் கணக்கேடுகளை உயிரற்ற எண்களின் தொகுப்பென்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியது, அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்திலுள்ள மவுண்ட்ரெயில் மாவட்டம்.

பரந்த புல்வெளி, கோதுமை வயல், கடுங்குளிர். தெற்கெல்லையில் மிசௌரி ஆறு. அங்கே 1953-இல் கேரிசன் அணையின் நீர், மாண்டன், ஹிடாட்சா, அரிகரா பழங்குடியினரின் வளநிலங்களை விழுங்கியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரியா, லெபனான் பகுதிகளிலிருந்து வந்த முஸ்லிம் உழவர்கள் ராஸ் என்னும் சிற்றூரருகே குடியேறி, 1929-இல் பள்ளிவாசல் ஒன்றை எழுப்பினர். பிள்ளைகள் பிழைப்புத் தேடிப் பிரிந்தனர். தொழுவோரற்ற பள்ளி 1970-களின் இறுதியில் இடிக்கப்பட்டது, மையவாடியே எஞ்சியது. ஆயினும் வழித்தோன்றல்களின் முயற்சியால் 2005-இல் அங்கே சிறு பள்ளியொன்று மீண்டும் எழுந்தது.

2000-இல் 6,631 பேர் வாழ்ந்த மாவட்டத்தில், எண்ணெய் வளம் கண்டபின், 2020-இல் 9,809 பேர். கணக்கேடு உயிருள்ளோரையே எண்ணும். மண்ணுள் உறங்குவோரை யார் எண்ணுவார்?

பணிச்சுமையைக் காரணங்காட்டி, என் அத்தாவின் அடக்கத்தலத்திற்கு மூன்றாண்டுகள் செல்லாதிருந்தேன். ராஸின் வரலாற்றைப் படித்த வாரமே மகனை அழைத்துச் சென்றேன். இடத்தை அடையாளங்காண நெடுநேரமாயிற்று, வெட்கினேன். இனி என் மகன் அவ்விடம் அறிவான்.