மையவாடியில் கிடைத்த கணக்கு

2020 ஏப்ரல் 21 அன்று கொட்டிய மழையில் ஏடன் நகரத் தெருக்கள் ஆறாக ஓடின. அதே வாரத்தில் தெற்கு ஏமன் பிரிவினைவாதிகள் தன்னாட்சி அறிவித்தார்கள். வெள்ளம் தேங்கிய இடமெல்லாம் கொசு. டெங்குவும் சிக்குன்குனியாவும் பரவின. ஏப்ரல் 29இல் நகரத்தின் முதல் கொரோனா தொற்றுகள் உறுதியாயின. இந்த நோய்களுக்கெல்லாம் பெரும்பாலும் தொடக்கம் காய்ச்சல்தான். எது எந்தக் காய்ச்சல் என்று பிரித்தறியப் பரிசோதனை வசதி போதவில்லை.

ஆஸ்பத்திரிகள் அனுப்பும் நோயாளிப் பட்டியல்களை மாலைதோறும் தொகுப்பது என் வேலை. மே மாதப் பட்டியல்களில் இறப்பு சொற்பம். தெருவிலோ ஜனாஸா ஊர்வலம் ஓயவில்லை. பாதுகாப்பு உடை இல்லாமல் பல ஆஸ்பத்திரிகள் கதவைச் சாத்திவிட்டன. திறந்திருந்தவற்றுக்குப் போகவும் ஜனங்கள் பயந்தார்கள். வீட்டிலேயே மூச்சுத் திணறி இறந்தவர்கள் யார் கணக்கிலும் ஏறவில்லை.

ஆனால் அடக்கம் செய்யாமல் யாரையும் விட முடியாதே! மையவாடிக்குப் போனேன். குழி வெட்டுபவர் ஒருவர், ஆட்கள் போதாமல் தம் மகன்களையும் மண்வெட்டியோடு இறக்கியிருந்தார். ஒரு வரிசையில் மண் இன்னும் ஈரம். அடுத்த வரிசைக்கு முன்கூட்டியே குழிகள் தயார். "எங்களை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ரமலான் தொடங்கியதுமே சொல்லியிருப்போம்" என்றார்.

அரசின் அடக்கப் பதிவுகளும் அதையே சொல்லின. நாளொன்றுக்குச் சுமார் 10 பேர் இறந்துவந்த நகரத்தில் 80 பேர் வரை இறப்பதாக, அவற்றை வைத்து எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு மே மாதமே அறிவித்தது. பின்னர் லண்டன் ஆய்வாளர்கள் 11 மையவாடிகளின் செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து, செப்டம்பர் நடுப்பகுதிவரை ஏடனில் வழக்கத்தைவிடச் சுமார் 2,100 பேர் கூடுதலாக இறந்ததாகக் கணித்தார்கள். அந்தச் செப்டம்பர் நடுப்பகுதியில் நாடு முழுவதற்குமான அரசின் கொரோனா இறப்புக் கணக்கு 600ஐக்கூடத் தொடவில்லை.

எண்ணிக்கை குறைவாக இருந்தால் ஆக்சிஜன் சிலிண்டர் வேறு ஊருக்குப் போய்விடும். பட்டியலில் ஏறாத சாவு, பக்கத்து வீட்டில் இன்னொரு சாவுக்கு வழிவிடும். அதனால் சொல்கிறேன்: அரசு நிலைகுலைந்த ஊரில் கொள்ளைநோய் நுழைந்தால், பரிசோதனைக் கருவி வரும்வரை காத்திருக்காமல் முதல் வாரமே இடுகாட்டுக்கு ஆள் அனுப்புங்கள். குழி வெட்டுபவருக்கு ஒரு நோட்டும் நியாயமான கூலியும் கொடுங்கள். அவர் சொல்லும் எண்ணை அன்றே நம்புங்கள்.