வளைவில் தெரியும் வலு

தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக அக்கரப்பத்தனைக்கு வருகின்ற பாதையில் நேராக ஓடும் தூரம் மிகக் குறைவு. ஒரு வளைவு முடியுமுன் அடுத்தது தொடங்கிவிடும். பிரதான பாதையை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பினால் தாரும் முடிந்துவிடும். அதன் பிறகு கல்லும் குழியும்தான். இத்தகைய பாதையில் ஒரு வாகனத்தின் வலு எங்கே இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலானோர் எஞ்சினைத்தான் காட்டுவார்கள். எங்கள் குடும்பத்தின் பழைய மொரிஸ் மைனர் காரைத் திருத்தி எடுத்த அனுபவம் எனக்கு வேறொரு பதிலைத் தந்தது. அதனை வாசகிகளோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

பெண்களின் சஞ்சிகையில் கார் திருத்தும் கதை எதற்கு என்று சிலர் நினைக்கலாம். யுத்தத்தின் பின் குடும்பத்தைத் தனியே நடத்தும் பெண்கள் பலரிடம் இன்று ஒரு முச்சக்கர வண்டியோ, மோட்டார் சைக்கிளோ, சிறிய வானோ இருக்கிறது. கடன் எடுத்தோ, நகையை விற்றோ, வாழ்வாதார உதவியாகவோ வந்த வாகனங்கள் அவை. ஓட்டுவது மகனாகவோ தம்பியாகவோ இருக்கலாம். ஆனால் கராஜ் கணக்கைத் தீர்ப்பது அந்தப் பெண்தான். எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதை அவள் அறிந்திருக்க வேண்டாமா?

எங்கள் மாமா தோட்டத்து லொறிச் சாரதியாக வேலை செய்தவர். ஓய்வுபெற்றபோது கிடைத்த சேமலாப நிதியில் 1098 சீசீ எஞ்சின் உள்ள ஒரு பழைய மொரிஸ் மைனரை வாங்கினார். அந்தக் கார்தான் எங்கள் லயத்துக்கு அம்புலன்ஸ். பிரசவ வலி வந்த பெண்களையும், தேயிலை மலையில் வழுக்கி விழுந்தவர்களையும் அது நுவரெலியா வைத்தியசாலைக்குக் கொண்டுபோயிருக்கிறது. மாமா காலமான பின் அத்தை அதை விற்கவில்லை. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய கார்களின் விலை ஏறியது. அப்போதும் விற்கவில்லை. மகனை ஓட்டச் செய்து, வாடகைக்கு விட்டு, அதிலிருந்து வரும் பணத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்டார்.

சில காலமாகக் கார் சரியில்லை. குழியில் விழுந்தால் இரண்டு மூன்று தடவை குதித்துத்தான் நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஒரு கணம் கழித்தே முன்சக்கரம் திரும்பும். மேட்டில் ஏறும்போது எஞ்சினும் இழுக்கச் சிரமப்பட்டது. அத்தையிடம் சீட்டுப் பணம் கொஞ்சம் இருந்தது. ஒரு பெரிய வேலைக்கு மட்டும் போதுமான தொகை. மாமாவின் மகன் ஜப்பான் எஞ்சின் ஒன்றைப் போடலாம் என்றான். இலங்கையில் பழைய ஆங்கிலேயக் கார்களுக்கு இது வழக்கமான வேலைதான். நண்பர்களும் அவனுக்கு ஆதரவாகப் பேசினார்கள்.

அந்தப் பேச்சு நடந்த அன்று எங்களோடு ஒரு அக்காவும் இருந்தார். 1977 வன்செயலின்போது சிறு பிள்ளையாக இந்தத் தோட்டத்திலிருந்து பெற்றோருடன் கிளிநொச்சிக்குப் போனவர். அங்கேயே வளர்ந்து, அங்கேயே திருமணம் செய்து, 2009 இல் கணவரை இழந்து, மீண்டும் உறவினரிடம் வந்து சேர்ந்தவர். கணவர் அங்கே வாடகைக்கு ஓட்டியதும் மொரிஸ் மைனர்தான். 1990 க்குப் பின் பொருளாதாரத் தடையினால் வடக்கில் பெற்றோல் கிடைக்காமற் போனபோது, பழைய கார்களெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடியதை அந்தக் காலத்தில் அங்கிருந்த சகோதரிகள் மறந்திருக்கமாட்டார்கள். சிறு போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலில் சில துளி விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை கண்ணை எரிக்கும். அப்படி ஓடிய காரின் அடியில் படுத்து கிறீஸ் அடித்தவர் இந்த அக்கா.

"எஞ்சின் கிடக்கட்டும் அக்கா" என்று அத்தையிடம் சொன்னார். "மண்ணெண்ணெயில ஓடின எஞ்சினே எங்கள அந்தரிக்க விடேல்ல. முன் சில்லு மடிஞ்சுதான் ரெண்டு தரம் நடு றோட்டில நிண்டனாங்கள். முதல்ல சில்லத் தூக்கிப் பாருங்கோ."

மறுநாள் கராஜில் காரைத் தூக்கி, முன்சக்கரத்தை நிலத்திலிருந்து எடுத்தார்கள். சக்கரத்தின் உச்சியில் ஒரு கையும் அடியில் ஒரு கையும் வைத்து அசைத்துப் பார்த்தார் பாஸ். சக்கரம் ஆடியது. பெயரிங் தேய்ந்திருந்தாலும் இப்படி ஆடும் என்பதால், மாமாவின் மகனை உள்ளே இருந்து பிரேக்கை மிதிக்கச் சொன்னார். பிரேக் பிடித்திருக்கும்போது பெயரிங்கின் ஆட்டம் மறைந்துவிடும். அப்போதும் ஆட்டம் இருந்தது. ஆகவே கோளாறு கிங் பின்னில். பிறகு சக்கரத்தின் இடம் வலமாகப் பிடித்து அசைத்தார். அங்கும் ஆட்டம். அது ஸ்டியரிங் மூட்டுகளின் தேய்வு.

மொரிஸ் மைனரின் முன்சக்கரம் செங்குத்தான ஒரு கிங் பின்னைச் சுற்றியே திரும்புகிறது. அந்தப் பின்னின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் திருகுப் புரிகள் உண்டு. அவை ட்ரனியன் எனப்படும் இரண்டு துண்டுகளுக்குள் பொருந்தியிருக்கும். ஒவ்வொரு தடவை ஸ்டியரிங்கைத் திருப்பும்போதும் போத்தல் மூடியைத் திருகுவதுபோல இந்தப் புரிகள் அசைகின்றன. ஒழுங்காகக் கிறீஸ் அடித்தால் பல்லாண்டு உழைக்கும். கிறீஸ் இல்லாமல் சேறும் தண்ணீரும் உள்ளே போனால் புரி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, ஒருநாள் பின் கழன்றுவிடும். அப்போது சக்கரம் மடிந்து, காரின் அந்த மூலை தரையில் விழும். கராஜ் வாசலில் நடந்தால் செலவோடு போகும். ஒரு பக்கம் பள்ளமாக இருக்கும் வளைவில் நடந்தால் என்னவாகும் என்று மலையகத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கழற்றிய கீழ்த்துண்டை பாஸ் அத்தையின் கையில் கொடுத்தார். உள்ளே புரி இருந்த இடம் விரலுக்கு வழவழவென்றிருந்தது. அத்தை அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மகனிடம், "எனக்கு வேகமா போற காரு வேணாம்பா. திரும்புன பக்கம் திரும்புற காரு போதும்" என்றார். பணம் எதற்கு என்பது அத்துடன் முடிவாகிவிட்டது.

இந்தக் காரை வடிவமைத்தவரைப் பற்றிப் பின்னர் வாசித்தேன். அலெக் இசிகோனிஸ் என்பது அவர் பெயர். 1906 இல் ஸ்மேர்னா நகரத்தில், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மிரில் பிறந்தார். கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் நடந்த போரின் முடிவில், 1922 இல், அவரது குடும்பம் தொழிலையும் வீட்டையும் விட்டு பிரித்தானியக் கப்பலில் மால்டா தீவுக்கு அகதிகளாகச் சென்றது. தந்தை அங்கே நோயுற்று இறந்தார். விதவையான தாய், பதின்ம வயது மகனை அழைத்துக்கொண்டு இங்கிலாந்துக்குப் போய் அவனைப் பொறியியல் படிக்கவைத்தார். கணிதப் பரீட்சையில் அவர் மூன்று தடவை தோற்றவர். அந்த மகன் வடிவமைத்த மொரிஸ் மைனர் 1948 ஒக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. அடுத்த மாதம் இலங்கையில் நடைமுறைக்கு வந்த பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் தாத்தா பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. பிள்ளையோடு அகதியாக அலைந்த தாய்மார் பலருக்கு இசிகோனிஸின் தாயை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

இசிகோனிஸ் எஞ்சின் வலுவைவிடக் கார் பாதையைப் பிடித்து ஓடுவதிலேயே அதிக கவனம் செலுத்தினார். முதல் மொரிஸ் மைனரின் எஞ்சின் 918 சீசீ மட்டுமே. ஆனால் முன்பக்கத்துக்கு நீளமான முறுக்குக் கம்பிகளை ஸ்பிரிங்காக வைத்தார். ஸ்டியரிங்குக்கு, சக்கரங்களை உடனே திருப்பும் ரெக் அமைப்பைக் கொடுத்தார். மாதிரிக் கார் செய்து முடித்த பின் அது ஒடுங்கலாக இருப்பதாகப் பட்டதால், அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, நடுவே 4 அங்குலம் அகலப்படுத்தினார். பொனற்றின் நடுவில் ஓடும் தட்டையான பட்டி அந்த மாற்றத்தின் அடையாளம். ஏறக்குறைய 16 இலட்சம் கார்கள் 1970களின் தொடக்கம் வரை செய்யப்பட்டன. 1990களில் இங்கிலாந்து அன்பர் ஒருவரின் முயற்சியால் இந்தக் காருக்கான உதிரிப்பாகங்கள் இலங்கையில் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின.

அமெரிக்கர்கள் இதற்கு நேர்மாறான வழியில் போனார்கள். 1964 இல் வந்த பொன்டியாக் ஜி.டி.ஓ. போன்ற கார்களில் 6.4 லீற்றர் எஞ்சின் வைத்தார்கள். நேர்ப்பாதையில் பறக்கும். ஆனால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் ஸ்பிரிங்கும் அந்த வலுவுக்கு ஈடாக இருக்கவில்லை. இன்று அக்கார்களை ஆசையாக வைத்திருப்பவர்கள் பெருந்தொகை செலவழித்து மாற்றுவதும் இந்த மூன்றையுமே. எங்கள் காருக்கு ஜப்பான் எஞ்சின் போட்டிருந்தால் நாங்களும் அந்த நிலைக்குத்தான் வந்திருப்போம். தேய்ந்த கிங் பின்னுக்கு மேலே கூடிய வலு, பழைய பிரேக்குக்கு மேலே கூடிய வேகம். எஞ்சினை மாற்றினால் அதன் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுசெய்யும் வேலையும் உண்டு.

நாங்கள் செய்த வேலைகள் இவை. இரண்டு பக்கமும் புதிய கிங் பின்னும் ட்ரனியன்களும் போடப்பட்டன. கீழ்க் கைகளின் றப்பர் புஷ்கள் மாற்றப்பட்டன. ஸ்டியரிங் ரெக்கின் உள்மூட்டுகள் இறுக்கப்பட்டு, கிழிந்த றப்பர் உறைகளும் வெளி மூட்டுகளும் புதிதாகின. இந்தக் காரில் ஆரம்பத்திலிருந்த ஷொக் அப்சோபர், கைபோன்ற தண்டுள்ள எண்ணெய்ப் பெட்டி வகை. எண்ணெய் கசிந்தால் கார் குதிக்கத் தொடங்கும். அதற்குப் பதிலாக இக்காலக் குழாய் வகை ஷொக் அப்சோபர் நான்கு பொருத்தினோம். முன்பக்கத்துப் பழைய பெட்டிகளை மட்டும் கழற்றவில்லை. அவற்றின் தண்டுதான் சக்கரத்தின் மேற்பகுதியைத் தாங்குகிறது. பின்பக்க வில்தட்டுகளில் உடைந்த இரண்டை மாற்றினோம். பிரேக் லைனிங்கும் சக்கரச் சிலிண்டர்களும் புதிதாகின. நான்கும் ஒரே வகையான ரேடியல் டயர்கள் போட்டு, கடைசியில் முன்சக்கரங்களின் நேரையும் சரிபார்த்தோம். எஞ்சினுக்குச் செய்தது கார்பரேட்டரைச் சுத்தம் செய்து வால்வு இடைவெளியைச் சரிப்படுத்தியது மாத்திரமே.

மாமாவின் மகன் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு மழையும் பனிமூட்டமுமான ஒரு நாளில் நுவரெலியாவுக்கு ஓட்டம் போய்வந்து, "இப்ப நான் சொல்றத காரு கேக்குதுமா" என்று அத்தையிடம் சொன்னான். வயிற்றில் சத்திரசிகிச்சை செய்த ஒரு பெண்ணை வைத்தியசாலையிலிருந்து அழைத்து வந்தபோது, தையல் வலிக்காமல் வந்து சேர்ந்ததாக அவள் சொன்னாள். மேட்டில் கார் முன்புபோலவே மெதுவாகத்தான் ஏறுகிறது. இப்போது மாதத்துக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்கும்போது அந்த அக்காவும் வந்து நிற்கிறார். கிறீஸ் கன்னைப் பிடிக்கும் முறையை அத்தைக்குக் காட்டிக்கொடுத்தவரும் அவர்தான்.

சமூகவியல் படித்தபோது பராமரிப்பு உழைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை, அதற்கு விலை வைப்பதில்லை என்று படித்தேன். களத்தில் இதை அடிக்கடி காண்கிறேன். உதவித் திட்டத்தில் தையல் இயந்திரம் கொடுப்பார்கள், படம் எடுப்பார்கள். ஒரு சிறு துண்டு தேய்ந்து இயந்திரம் நின்றுபோனால் அதை மாற்றுவதற்கு யாரும் பணம் ஒதுக்கியிருக்கமாட்டார்கள். வாகனமும் அப்படியே. புதிய நிறம், பெரிய எஞ்சின், சத்தமான ஹோர்ன் எல்லோருக்கும் தெரியும். கிங் பின் யாருக்கும் தெரியாது.

ஆகவே வாகனம் வைத்திருக்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். உங்கள் வண்டி எதுவாக இருந்தாலும், காசு குறைவாக இருக்கும்போது முதலில் பிரேக், டயர், ஸ்டியரிங், ஷொக் அப்சோபர் ஆகியவற்றுக்கே செலவழியுங்கள். நான்கு சக்கர வாகனமாயின் ஒரு மூலையைக் கையால் அமுக்கி விட்டுப் பாருங்கள். ஒரு தடவை எழும்பி அடங்க வேண்டும், தொடர்ந்து ஆடினால் ஷொக் அப்சோபர் போய்விட்டது. சக்கரத்தை உயர்த்தி உங்கள் கண்முன்னே அசைத்துக் காட்டச் சொல்லுங்கள். மாற்றிய பழைய துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். எந்தத் துண்டு, என்ன விலை, எந்தத் திகதி என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பெண்ணுக்கு இது விளங்காது என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். மண்ணெண்ணெய்க் காலத்தைக் கடந்து வந்தவர்களுக்கு விளங்காத இயந்திரம் அதிகம் இல்லை.

அத்தை அந்தத் தேய்ந்த ட்ரனியனைக் குப்பையில் போடவில்லை. கடன் கேட்டோ ஆலோசனை கேட்டோ வரும் பெண்களின் கையில் அதைக் கொடுத்து, உள்ளே விரலை விட்டுப் பார்க்கச் சொல்கிறார்.