ஓகஸ்ட் கடைசியில் ஒஸ்லோ

ஒஸ்லோ என்ற பெயரை எழுதியும் திருத்தியும் வந்த தடவைகளுக்குக் கணக்கில்லை. 2002 டிசெம்பர் 5ஆம் திகதி, ஐக்கிய இலங்கைக்குள் சமஷ்டி அமைப்பிலான தீர்வொன்றை ஆராய்வதற்கு அரசும் விடுதலைப் புலிகளும் அங்கு இணங்கியபோது, மறுநாள் முதற்பக்கத்தை ஒழுங்குசெய்த மேசையில் நானும் இருந்தேன். 2006 யூனில் அதே நகருக்குச் சென்ற இரு தரப்பினரும் நேரில் சந்திக்காமலே திரும்பியதையும் எழுதினோம். எமது செய்திகளில் ஒஸ்லோவுக்குப் பருவகாலங்கள் இருந்ததில்லை.

எதிர்வரும் கோடையின் கடைசிப் பகுதியில் அங்கு செல்வதாக இருக்கிறேன். செய்தி தேடியல்ல, அண்ணரைப் பார்க்க.

யாழ்ப்பாணத்தவர் நோர்வே சென்ற கதை பழையது. 1956இல் குருநகரைச் சேர்ந்த அன்ரனி ராஜேந்திரம் அங்கு போய் வழிதிறந்தார். காரைநகரில் சீநோர் உருவானதும் அவரது முயற்சியாலேயே. எண்பதுகளில் அந்நாட்டின் மக்கள் உயர்கல்லூரிகளில் இடம்பெற்றுச் சென்ற இளைஞர்களுள் அண்ணரும் ஒருவர். பின்னர் வடகோடியிலுள்ள ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலை வேலை. மாரியில் இரண்டு மாதம் சூரியன் எழாத கரை அது. ஒஸ்லோவுக்குக் குடிபெயர்ந்தது அதன் பிறகுதான். சென்ற மாரியில் அவருக்கு இருதய சத்திரசிகிச்சை நடந்தது.

நான் விரும்பியது யூன் மாதத்தை. பகல் ஏறக்குறைய 19 மணி நேரம். நள்ளிரவிலும் வானம் முற்றாக இருள்வதில்லை. அண்ணர் மறுத்துவிட்டார். அப்போது பேரப்பிள்ளைகளின் பாடசாலை முடியும் அமளியாம். யூலையிலோ ஒஸ்லோவாசிகளே மலைக்கும் கடற்கரைக்கும் போய்விடுவார்களாம். ஓகஸ்ட் நடுப்பகுதிக்குப் பின்னர்தான் ஊர் மீண்டும் ஊராகும். அப்போதும் பகல் 14 மணி நேரத்துக்குக் குறையாது. நகரின் சுரங்க ரயிலிலேயே காட்டின் ஓரம்வரை போகலாம், புளூபெரி பழுத்திருக்கும். எவருடைய காடாயினும் எவரும் நடக்கலாம், பழம் பறிக்கலாம் என்ற பழைய வழக்கத்தை 1957இல் சட்டமாகவே எழுதிவைத்த நாடு அது. ஒரு முழ வேலிக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய ஊரில் பிறந்தவனுக்கு இது அதிசயமே.

வைத்தியர் அண்ணரை நடக்கச் சொல்லியிருக்கிறார். "ஓகஸ்ட் கடைசியிலை வா. குளிர் துவங்கினால் நான் கன தூரம் நடக்கமாட்டன்" என்றார். அதற்குமேல் நாங்கள் மாதத்தைப் பற்றிக் கதைக்கவில்லை.

விசா விடயம் வேறு. கொழும்பிலிருந்த நோர்வே தூதரகம் 2023 யூலையுடன் மூடப்பட்டது. பொருளாதார நெருக்கடியின்போது, 2022 ஏப்ரலில், இலங்கை தனது ஒஸ்லோ தூதரகத்தை மூடியிருந்தது. சமாதானம் பேச வைக்க வந்த நாட்டுக்குப் போவதற்கு இன்று புதுடில்லியைப் பார்த்திருக்க வேண்டும். 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி, வங்கிக் கூற்று, அண்ணரின் உத்தரவாதம் யாவும் சேர்ந்துவிட்டன. என்னை மலைக்க வைத்தது, திரும்பி வருவேன் என்பதற்கான அத்தாட்சி. 1995இலும் 2009இலும் இந்த நாட்டைவிட்டுப் போகாதவன், மூன்று வாரத்தில் திரும்புவான் என்பதை எதைக்கொண்டு நிரூபிப்பது? வேலை செய்வதற்கான கடிதத்தை வைத்தேன். காணி உறுதியின் பிரதியையும் வைத்தேன். அதில் அண்ணரின் பெயரும் இருக்கிறது.

பார்ப்பதற்கெனப் பட்டியலொன்றும் எழுதினேன். 1990 முதல் நொபெல் சமாதானப் பரிசு வழங்கப்படும் நகர மண்டபத்தை ஒரு பத்திரிகைக்காரன் தவிர்க்க முடியாது. மூங்க் வரைந்த 'அலறல்' 2004 ஓகஸ்டில் பட்டப்பகலில் ஆயுதமுனையில் கொள்ளையிடப்பட்டு, இரண்டாண்டின் பின் மீண்டது. இரு செய்திகளையும் மொழிபெயர்த்தவன் என்ற உரிமையில் அதன் முன் நிற்க ஆசை. விகெலான்ட் பூங்காவில் 14 மீற்றர் உயரமான ஒற்றைக் கல்லில் 121 மனித உருவங்கள் ஒன்றையொன்று பற்றி ஏறுகின்றன. அண்ணர் அங்கு கடைசியாகப் போனது பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோதாம்.

பட்டியலில் பாதியை, பழைய ஆசிரியர்களைப்போல, அவர் வெட்டிவிட்டார். ஒரு நாளைக்கு ஓரிடம் போதும் என்கிறார். காட்டுக்குள் நடப்பதற்கான சப்பாத்தைத் தானே வாங்கிவைப்பதாகக் கால் அளவு கேட்டிருந்தார். கடதாசியில் பாதத்தை வரைந்து, படமெடுத்து நேற்று அனுப்பினேன்.