சுமை இறக்கிய முதுகு

கொல்லிமலை என்றதும் தமிழ் கற்றோர் நெஞ்சில் முதலில் தோன்றுபவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய அவன் ஆண்ட மலை அது. உழவர்க்கு அங்கு விளையும் தினையும் சாமையும் நினைவுக்கு வரும். வணிகர்க்கு மிளகும் பலாவும் நினைவுக்கு வரும். எனக்கோ அம்மலையின் பெயரைக் கேட்குந்தோறும் இரு மூதாட்டியர் நினைவில் எழுகின்றனர். ஒருவர் என் தாயைப் பெற்ற நன்னிமா. மற்றவர் லண்டன் மாநகரில் 1879ஆம் ஆண்டு பிறந்து, கொல்லிமலை மண்ணிலேயே அடங்கிவிட்ட ஈவ்லின் பிராண்ட் அம்மையார். முன்னவரை நான்கு தெரு அறியும். பின்னவரை உலகின் பல நாடுகள் அறியும். இருவரும் ஒருவரோடொருவர் பேசியதில்லை. ஆயினும் இருவர் வாழ்வும் ஒரே வினாவுக்கு விடை சொல்லி நிற்கின்றன. உழைத்து ஓய்ந்த உயிருக்கு இவ்வுலகில் என்ன மதிப்பு என்பதே அவ்வினா.

பிராண்ட் அம்மையாரின் வரலாற்றை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செல்வக் குடியில் பிறந்து ஓவியம் பயின்ற அவர், கிறிஸ்தவ சமயப் பணிக்கெனத் தமிழகம் வந்தார். அதே பணியில் இருந்த ஜெஸ்ஸி பிராண்ட் என்பாரை 1913இல் மணந்து கொல்லிமலையில் குடியேறினார். கணவர் முறையாக மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். எனினும் வெப்பநாட்டு நோய்களைப் பற்றிச் சிறிது கற்றிருந்தார். மலைமக்களின் பற்களைப் பிடுங்கினார்; நரம்புச் சிலந்திப் புழுவை அகற்றினார்; பள்ளிகள் அமைத்தார். 1914இல் பிறந்த மகன் பாலையும், அவருக்கு இளையவளான மகளையும் 1923இல் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினர். 1929இல் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலால் மலையிலேயே மாண்டார். மகன் தந்தையை மீண்டும் காணவே இல்லை.

துணையிழந்த அம்மையார் இந்தியப் பணியைக் கைவிடவில்லை. எழுபதை நெருங்கிய வயதில், இனி ஓய்வு பெறுக என்று அவரை அனுப்பிய சபையார் பணித்தனர். அவரோ சபையை விட்டு விலகித் தம் பொறுப்பிலேயே மலையேறிவிட்டார். எழுபத்தைந்தாம் வயதில் தனியே இருக்கையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, இரவு முழுதும் தரையிலேயே கிடந்தார். மறுநாள் நால்வர் கட்டிலில் கிடத்தி அவரைக் கீழே சுமந்து வந்தனர். மகன் ஓய்வெடுக்குமாறு வேண்டியபோது, உழைப்புக்கு உதவாத உடலைப் பேணி என்ன பயன் என்பதே அவர் விடையாக இருந்தது. பின்னர் இரு மூங்கிற் கோல்களை ஊன்றி நடந்தார். ஊருக்கு ஊர் மட்டக்குதிரை ஏறிச் சென்றார். தொண்ணூற்று மூன்றாம் வயதில், அடிக்கடி கீழே விழ நேர்ந்ததால்தான் குதிரையை விட்டார். அதன்பின் மலைமக்களே அவரைத் தூளியில் சுமந்தனர். 1974 டிசம்பரில், தொண்ணூற்றைந்தாம் வயதில் மறைந்தார்.

மகன் பால் பிராண்ட் மருத்துவராகி 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிய விரல்களை, தசைநாண்களை இடம் மாற்றி நிமிர்த்தும் அறுவை முறையில் புகழ் பெற்றார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினாலேயே அழுகி உதிர்வதில்லை, வலியுணர்வு அற்றுப்போவதால் நேரும் காயங்களாலேயே தேய்கின்றன என்பது அவர் கண்ட உண்மை. இரவில் எலி கடித்தாலும் அந்நோயாளர் விழிப்பதில்லை. இதனை அறிந்த பின், வீடு திரும்பும் நோயாளரிடம் ஒரு பூனையையும் கொடுத்தனுப்பும் வழக்கம் அங்கு ஏற்பட்டதாம். மருந்துப் பொட்டலத்தோடு ஒரு பூனை! வாயில்லா உயிரொன்று மனிதனின் விரல்களுக்குக் காவலாய் நின்ற இச்செய்தியைப் படித்தபோது என் நன்னிமா உயிரோடிருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார் என்று எண்ணினேன்.

நன்னிமாவின் வீடு மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் இருந்தது. பாட்டனார் மலைச்சரக்கு வணிகர். உப்பும் கருவாடும் துணியும் பொதிக்கழுதைகளின் முதுகில் மேலே போகும். மிளகும் கடுக்காயும் தேனும் கீழே இறங்கும். அக்கழுதைகளுக்கு வீட்டில் எசமானி நன்னிமாதான். தஹஜ்ஜுத் தொழுகைக்கு எழுபவர், தொழுகை முடிந்ததும் கல்தொட்டியில் நீர் நிரப்புவார். பொதி ஏற்றியதும் இருபுறமும் கையால் தூக்கிப் பார்த்து, "இந்தப் பக்கம் கனக்குது, இறக்குங்க" என்பார். பாட்டனார் முணுமுணுத்தாலும் இறக்கியே ஆக வேண்டும். மாலையில் திரும்பும் ஒவ்வொன்றின் முதுகையும் தடவிப் பார்த்து, புண் இருந்தால் மஞ்சள் குழைத்த வேப்பெண்ணெய் தடவுவார். புண் ஆறும்வரை அதன்மேல் பொதி ஏறாது. பொதிவிலங்குகளின் சுமைக்கு வரம்பிட்டு 1965இல் நடுவணரசு விதிகள் வகுத்ததையும், அவற்றில் கழுதைக்கு 50 கிலோ, மட்டக்குதிரைக்கு 70 கிலோ என்று அளவு குறித்திருப்பதையும் நான் பிற்காலத்தில் படித்தறிந்தேன். எழுத்தறியாத நன்னிமாவுக்குத் தம் உள்ளங்கையே தராசாக இருந்தது.

மலைக்குப் பேருந்து ஓடத் தொடங்கியபின் பொதிக்கழுதைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஒவ்வொன்றாக விற்றனர். எஞ்சியது ஒன்று, கிழடு, பின்னங்கால் நொண்டி. ஒருவர் வந்து அற்ப விலைக்குக் கேட்டார். எதற்காகக் கேட்கிறார் என்பது எல்லார்க்கும் தெரியும். மாமா பணத்தை வாங்கக் கை நீட்டியபோது நன்னிமா வாசலுக்கு வந்து, "நாம தின்ன சோத்துல இருந்த உப்பு அது முதுகுல வந்ததுதானே? இப்ப நாமதான் அதுக்குக் கடன்காரங்க" என்று மொழிந்து உள்ளே போய்விட்டார். அதன்மேல் பேச்சில்லை. சுமை இறக்கிய முதுகோடு அக்கழுதை மேலும் மூன்றாண்டுகள் கொல்லைப்புறத்தில் வாழ்ந்து இயற்கையாக இறந்தது.

பின்னாளில் நன்னிமாவுக்கே பார்வை மங்கியது, நடையும் தளர்ந்தது. அவரை யார் வைத்துக்கொள்வது என்று பிள்ளைகளுக்குள் பேச்செழுந்தது. பேசியவர்கள் கொடியவர் அல்லர். இடமும் வருவாயும் குறைந்தவர்கள். அடுத்த அறையில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்ட அவர் சிரித்துக்கொண்டே, "கழுதைக்கு இடம் இருந்த வீட்டுல எனக்கு இல்லாமலா போயிரும்?" என்றார். அச்சிரிப்பின் முன் எவர்க்கும் தலைநிமிர இயலவில்லை. இறுதிவரை அவ்வீட்டிலேயே இருந்தார். கண் தெரியாத நிலையிலும் நாள்தோறும் ஒரு பிடி நொய்யைக் குருவிகளுக்கு இறைக்க மறந்ததில்லை.

மதரஸாவில் ஓதிய காலத்தில், திருக்குர்ஆனின் ஆறாம் அத்தியாயம் நிலத்தில் ஊர்வனவற்றையும் வானில் பறப்பனவற்றையும் குறிக்க 'உமம்' என்னும் சொல்லை ஆள்வதை ஆசிரியர் எடுத்துக்காட்டினார். 'உம்மத்' என்பதன் பன்மை அது. மனிதக் கூட்டத்துக்கு வழங்கும் சொல்லே விலங்குக்கும் வழங்குகிறது. அபூதாவூத் தொகுப்பில் ஒரு நிகழ்ச்சி உண்டு. மதீனாவின் தோட்டமொன்றில் நபிகள் நாயகத்தைக் கண்ட ஒட்டகம் கண்ணீர் வடித்தது. பெருமானார் அதன் தலையைத் தடவி, உரியவரை வரவழைத்து, பட்டினி போட்டு வேலை வாங்குவதாக அது முறையிடுகிறது என்று கண்டித்தார்கள். இப்பாடத்தை ஓதியபோது எனக்கு உரைநூல் வேண்டியிருக்கவில்லை. நன்னிமாவின் கொல்லைப்புறமே உரையாக இருந்தது.

பிராண்ட் அம்மையாரைப் பற்றி நம் ஏட்டில் எழுதுவானேன் என்று சில அன்பர் வினவக்கூடும். அவர் மார்க்கம் வேறு. மலையேறிய நோக்கமும் வேறு. அதை மறைத்துப் பேசுதல் நேர்மை அன்று. ஆயினும் பிறர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்லத் தயங்குவதும் நேர்மை அன்று. மேலும் அவர் வாழ்வில் ஒரு செய்தி என் நெஞ்சைவிட்டு அகல்வதில்லை. தம் உடல் மண்ணோடு கலந்து புதிய உயிர்க்கு உரமாக வேண்டுமென அவர் விரும்பியதால், மலைமக்கள் அவரைப் பேழையில் இடாமல் எளிய பருத்தித் துணியில் சுற்றிக் கணவரின் அருகே அடக்கினர். நன்னிமாவையும் நாங்கள் வெண்பருத்திக் கஃபனில்தான் மண்ணில் வைத்தோம்.

இரு மூதாட்டியரிடமும் ஒரு வேறுபாடு உண்டு. உழைக்கும் வரையே உடலுக்கு மதிப்பு என்று பிராண்ட் அம்மையார் தமக்குத் தாமே விதித்துக்கொண்டார். அது துறவியின் வழி. தனக்கென வகுப்பவர்க்குப் பெருமை தருவது. அதே விதியைப் பிறர்மேல் சுமத்தினால் அது கொடுமையாகிவிடும். உழைப்பு முடிந்த பின்னும் உயிருக்கு உரிமை உண்டு என்பது நன்னிமாவின் வழி. பெற்றோரையும் முதியோரையும் பேணுவதற்கென 2007இல் நாட்டில் தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. பிள்ளைகளின் கடமையைச் சட்டம் நினைவூட்டும் நிலைக்கு வந்துவிட்ட நாம், இவ்விரு வழிகளுள் எதை நமக்குக் கொள்வது, எதைப் பிறர்க்கு வழங்குவது என்று எண்ணிப் பார்த்தல் நலம்.