மூன்று நாட் கடற்கரைச் செலவு

இங்கிலாந்து தேசத்தார் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இரண்டு மூன்று நாள் கடற்கரையூர் ஒன்றிற் சென்று தங்கிவரும் வழக்கமுடையர். கோடைக் கூட்டம் கலைந்த காலமாதலின் விடுதி வாடகையும் குறைவு. பகலெல்லாம் கரையோரமாக நடப்பர். பொழுது சாய்ந்ததும் அவ்வூர் மதுச்சாலையிற் கணப்பருகே அமர்ந்து, பொரித்த மீனும் சிப்பியும் உண்டு, ஒரு கிண்ணம் பருகி உறங்கச் செல்வர். இவ்வழக்கத்தைக் கீழ்க்கட்டளையில் வாழும் நால்வர் மேற்கொள்ளக் கருதினால் நேரும் இடர்ப்பாடுகளை உரைப்பதே எம் கருத்து. அந்நால்வர் யாமே. நம் கல்லூரி விடுதியில் ஒரே தாழ்வாரத்தில் மூன்றாண்டு உடன் வாழ்ந்து, இன்று ஐம்பதைக் கடந்து, ஒருவருக்கொருவர் இரண்டு தெருத் தொலைவிற் குடியிருக்கின்றோம்.

முதலிடர் காலம் பற்றியது. மேனாட்டார்க்கு இலையுதிர்காலம் யாது, அது நமக்கு மழைக்காலம். ஆவணி புரட்டாசியைக் கார் என்றும், ஐப்பசி கார்த்திகையைக் கூதிர் என்றும் நம் முன்னோர் வகுத்தனர். நெய்தல் நிலத்திற்குப் பெரும்பொழுது ஆறும் உரியன என்று அகப்பொருளிலக்கணம் கூறுகின்றது. கூறலாம். இலக்கணஞ் செய்தார் எவரும் அடைமழையிற் கீழ்க்கட்டளை வீட்டைப் பூட்டிவிட்டுக் கடற்கரைக்குச் சென்றாரல்லர். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்திற் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சூழ்ந்த ஊர்கள் பட்ட பாட்டை இவ்வட்டாரத்தார் மறவார். அன்று முதல் மழைத் திங்களில் எம்மை வெளியூர் விடுவதற்கு எம் இல்லத்தார் இசைவதில்லை. அவர் கூற்றில் நியாயமும் உண்டு.

அங்ஙனமாயின் மழைக்கு முன்னரே சென்று மீளலாமே எனின், அதற்குப் புரட்டாசி குறுக்கே நிற்கின்றது. எம்முள் ஒருவர் அத்திங்கள் முழுதும் மீனும் இறைச்சியும் தீண்டாதவர். விடுதி நாட்களிலேயே அவர் நோன்பை யாம் பழித்ததில்லை, இன்றும் பழியோம். ஆயினும், மீனில்லாத கடற்கரைச் செலவுக்கு ஏனைய மூவரும் ஒருப்படார். ஐப்பசி பிறப்பது அக்டோபர் 17 அல்லது 18-ஆம் நாள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவது வழக்கமாக 20-ஆம் நாள் வாக்கில். பஞ்சாங்கத்தையும் வானிலை அறிக்கையையும் ஒரே மேசைமீது விரித்து யாம் கணக்கிட்டபோது, நோன்புக்கும் மழைக்கும் இடையே எமக்கு எஞ்சியவை மூன்று நாட்களே. அந்நாட்களில் தென்மேற்குக் காற்றுத் தணிந்து, வடகிழக்குக் காற்று இன்னும் வலுவாது, கடலும் சற்றே அடங்கியிருத்தலுண்டு. ஆனால் மழை, தேதி பார்த்து வருவதன்று.

இனி இடம். கடல் எமக்குத் தொலைவன்று. கீழ்க்கட்டளையிலிருந்து நேர்கிழக்கே சதுப்பு நிலத்தைத் தாண்டினாற் பத்துக் கிலோமீட்டருக்குள் அலையோசை கேட்கும். அவ்வண்மையே குறை. கோவளத்திற் போய்த் தங்கினால், மோட்டார்க் குழாய் பழுதென்றும், விருந்தினர் வந்தாரென்றும் வீட்டிலிருந்து அழைப்பு வரும். எனவே கோவளத்தைத் தள்ளினோம்.

பின்னர், வங்கி வேலையினின்று அண்மையில் விலகியவர் புதுச்சேரியை மொழிந்தார். கடற்கரைச் சாலை மாலை ஆறு மணிக்குமேல் வண்டிகள் விடப்படாது நடப்பார்க்கே உரியதாய் விளங்குவதையும், பிரெஞ்சுக்காரர் காலத்துத் தெருக்களின் ஒழுங்கையும், உணவுச்சாலைகளின் சிறப்பையும் எடுத்துரைத்தார். மதுச்சாலைகளைப்பற்றி அவர் ஒன்றுங் கூறவில்லை. ஆயினும் நால்வர் நெஞ்சிலும் அதுவே நின்றது. சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

காரணம் இது. எம்முள் நான்காமவர் (பெயர் வேண்டா, அவரிசைவு பெற்றே இதனை எழுதுகின்றோம்) பல்லாண்டு மதுவிற்கு அடிமைப்பட்டு, மருத்துவமனை வாயில்வரை சென்று மீண்டு, இப்போது பதினான்கு திங்களாக அதனைத் தொடாதிருப்பவர். அவர் மனைவியார் இச்செலவுக்கு இசைந்ததே பெரிது. "நீங்கள் மூவரும் உடனிருப்பீர்கள் என்பதனால் விடுகின்றேன்" என்றார். அச்சொல்லின் பளு எம்மேல் இருந்தது.

ஆகவே புதுச்சேரியை விடுத்துத் தரங்கம்பாடி என்றோம். அமைதியான சிற்றூர்; எமக்குப் பிடித்தமானது; பேச்சு முடிந்தது என்று மகிழ்ந்தோம். நான்காமவர் நகைத்தார். "எனக்காக ஊர் மாற்றுகின்றீர்கள், நன்றி. ஆனால் தரங்கம்பாடியிலிருந்து தெற்கே சிறிது தூரம் சென்று நண்டலாற்றைக் கடந்தாற் காரைக்கால். அதுவும் புதுச்சேரி ஆட்சிக்குட்பட்டதே. அவ்வளவு தூரமும் போகவேண்டுவதில்லை. கடையில்லாத ஊர் எது? அதனைத் தேடாதீர்கள். மாலை ஆறு முதல் ஒன்பது வரை என்னை என் செய்வீர்கள்? அதைச் சொல்லுங்கள்" என்றார்.

அவர் கூறியது மெய். சென்னை மாகாணத்தில் 1937-இற் சேலம் ஜில்லாவில் தொடங்கி, 1948-இல் மாகாணமெங்கும் பரவிய மதுவிலக்கு, 1971-இல் தளர்த்தப்பட்டது. 2003 முதல் தமிழ்நாட்டில் அரசே கடை நடத்துகின்றது. பகற்பொழுதில் அவருக்கு ஒரு தொல்லையுமில்லையாம். நடப்பார், உண்பார், உறங்குவார். விளக்கேற்றும் நேரத்திலேதான் கை எதையோ தேடும் என்றார். பதினான்கு திங்களும் அம்மூன்று மணி நேரத்தை அவர் எங்ஙனங் கழித்தார் என்று யாம் கேட்டறிந்தது அன்றே. தெருத்தெருவாக நடந்தாராம், மேடவாக்கம் வரை சென்று மீள்வாராம். இரண்டு தெரு தள்ளியிருந்த எமக்கு அது தெரியாது.

அதன்பின் யாம் மாலைகளை முதலிலும் பகல்களைப் பின்னருமாகத் திட்டமிட்டோம். விடுதி வேண்டா, அடுக்களையுள்ள சிறு வீடொன்றே வேண்டுமென்று தீர்மானித்தோம். ஏனெனில், மீன்குழம்பு வைப்பதில் எம்முள் அவருக்கு நிகரில்லை. காலையிற் படகுகள் கரைசேருங்கால் ஏலத்திற்குப் போய், செவுள் சிவந்து கண் தெளிந்த சங்கராவும் நெத்திலியும், கிடைத்தால் நண்டும் வாங்கிவந்து பனிக்கட்டியிலிட்டு வைப்பது. எற்பாட்டிலே டேனியக் கோட்டையிலிருந்து மாசிலாமணிநாதர் கோயில் வரை கரையோரமாய் நடப்பது. கீழ்கரையில் ஞாயிறு கடலில் மறைவதில்லை. நம் முதுகுப்புறத்தே ஊருக்குமேல் வெளிச்சம் நிற்க, கடல்தான் முதலிற் கறுக்கும். அக்கருமை கண்டதும் வீடு திரும்புவது. பின் மூன்று மணி நேரமும் அடுக்களை அவருடையது. ஒருவர் வெங்காயம் உரிக்க, ஒருவர் தேங்காய் துருவ, வங்கியார் புளி கரைக்க வேண்டும். குழம்பைக் காலையிலேயே வைத்துவிடலாமே என்று வங்கியார் வினவினார். அக்கேள்விக்கு எவரும் விடை கூறவில்லை. அவரே உணர்ந்து தலையசைத்தார்.

பகலுக்கு அவ்வூரில் வேண்டுவன உண்டு. 1792-இற் கட்டிய கோட்டை வாயில் வழியே நுழைந்தால், நேரே கடலை நோக்கிச் செல்லும் இராஜ வீதி. தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து டென்மார்க்குத் தேசத்தார் 1620-இல் எழுப்பிய டான்ஸ்பர்க் கோட்டை இன்றும் கடலைப் பார்த்து நிற்கின்றது. 1845-இல் அவர்கள் ஊரை ஆங்கிலேயர்க்கு விற்றுச் சென்றனர். 1718-இற் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திற் சீகன்பால்க் ஐயரின் கல்லறையைக் காண்போம். அவர் 1706-இல் வந்திறங்கித் தமிழ் கற்று, தமிழிற் புதிய ஏற்பாட்டை 1715-இல் அச்சிட்டு முடித்து, 1719-இல் முப்பத்தாறாம் வயதில் மறைந்தார். அவ்வயதில் யாம் நால்வரும் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதனை இங்கு விரிக்கவில்லை. அச்சுக்குக் காகிதம் போதாமையாற் பொறையாற்றிற் காகித ஆலை அமைத்தனர். அவ்விடம் இன்றும் கடுதாசிப்பட்டறை எனப்படுகின்றது. ஒரு முற்பகல் அங்கே நடந்து மீள்வதாக எண்ணம்.

கடலையும் அங்கே நினையாதிருத்தல் இயலாது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். தரங்கம்பாடி மீனவர் குடியிருப்பும் தப்பவில்லை. யாம் ஏலத்தில் விலை பேசும் கரை அக்கரையே. ஆதலின் விலையைக் குறைக்க வாதாடுவதில்லையென்றும் ஒரு விதி செய்துகொண்டோம். இதனைக் கணக்கர் புத்தியுடைய வங்கியாரே முன்மொழிந்தார்.

போக்குவரவு எளிது. தாம்பரத்திற் புகைவண்டி ஏறி, விழுப்புரம், கடலூர், சிதம்பரம் வழியே மயிலாடுதுறை சேர்ந்து, அங்கிருந்து திருக்கடையூர் வழியாகப் பேருந்தில் தரங்கம்பாடி. மயிலாடுதுறையிலிருந்து கடற்கரைவரை 1926-இல் இட்ட இரும்புப்பாதை 1986-இல் மூடப்பட்டது. அவ்வண்டி இருந்திருப்பின் நன்று.

பயணச்சீட்டு நான்கும் எடுத்தாயிற்று. புரட்டாசி நோன்பினர் ஐப்பசி முதல் நாள் மாலைவரை மீன் நாறும் பாத்திரத்தைக் கழுவுவதில்லையென்று அறிவித்துள்ளார். மழை முந்திக்கொண்டால் வீட்டினுள்ளேயே இருந்து சமைப்பதென்றும், வெள்ள எச்சரிக்கை வந்தால் அடுத்த வண்டியிலேயே திரும்புவதென்றும் இல்லத்தாரிடம் வாக்களித்துள்ளோம். நான்காமவர் தம் வீட்டு மண்சட்டியைத் துணியிற் சுற்றி எடுத்துவைத்திருக்கின்றார். புகைவண்டியில் அதனை மடியில் வைத்துக்கொண்டு செல்வாராம். மற்றெவர் கையிலும் கொடுக்க மாட்டாராம்.