அளவுக்கு அளவு



சென்ற மாதம் லண்டன் மாநகரில் தங்கியிருந்தபோது எனக்கு ஒரு நாள் ஓய்வு கிடைத்தது. பகலில் ஊரைச் சுற்றிப் பார்த்தேன். மாலையில் ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றைக் கண்டேன். ஊரைப் பார்க்கச் சென்ற என்னை ஆண்டவர் என் உள்ளத்தைப் பார்க்கச் செய்தார். அதை உங்களிடம் மறைக்காமல் சொல்ல விரும்புகிறேன்.

காலையில் புனித பவுல் பேராலயத்தில் சற்று நேரம் ஜெபித்தேன். 1666-ஆம் ஆண்டுப் பெருந்தீயில் பழைய ஆலயம் அழிந்தபின் கிறிஸ்டோபர் ரென் எழுப்பிய ஆலயம் அது. அங்கிருந்து நடைபாலத்தின் வழியே தேம்ஸ் நதியைக் கடந்தால், எதிர்க்கரையில் குளோப் நாடக அரங்கு தெரிகிறது. 1599-இல் கட்டப்பட்ட முதல் அரங்கு 1613-இல், நாடகத்தின் நடுவே வெடித்த பீரங்கியின் பொறியால் எரிந்துபோனது. இன்று நாம் காண்பது அதன் மாதிரியில் கட்டப்பட்டு 1997-இல் திறக்கப்பட்டது.

நதியோரமாய்க் கிழக்கே நடந்தேன். வின்செஸ்டர் பேராயர்களின் பழைய அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது, வட்ட வடிவச் சாளரம் கொண்ட ஓர் இடிந்த சுவரே. அருகில் அவர்களுடைய ஆளுகைக்கு உட்பட்டிருந்த கிளிங்க் சிறைச்சாலையின் இடம். லண்டன் நகரத்தின் சட்டம் செல்லாத பகுதியாக அக்கரை பல நூற்றாண்டுகள் இருந்தது. அங்கே உடலை விற்றுப் பிழைத்த பெண்களின் விடுதிகள் பேராயரின் ஆளுகையின் கீழ் நடந்தன. அவற்றால் வந்த வருமானமும் அவரைச் சேர்ந்தது.

சில தெருக்கள் தாண்டி, ‘கிராஸ்போன்ஸ்’ என்னும் பழைய இடுகாடு. அத்தகைய பெண்களுக்குத் திருச்சபையின் கல்லறையில் இடம் மறுக்கப்பட்டதென்றும், அவர்களுக்கென்று ஆலயத்துக்குத் தொலைவில் ஒரு நிலம் ஒதுக்கப்பட்டிருந்ததென்றும் ஜான் ஸ்டோ 1598-இல் எழுதி வைத்திருக்கிறார். அந்த நிலம் இதுவே என்று நெடுங்காலமாக நம்பப்படுகிறது. பின்னாளில் அது ஏழைகளின் இடுகாடாகி, 1853-இல் மூடப்பட்டது. இன்று அதன் இரும்புக் கதவு முழுவதும் மக்கள் கட்டிய வண்ண நாடாக்கள். அதன்முன் நெடுநேரம் நின்றேன். வாடகைக்கு நீண்ட கை, அடக்கத்துக்கு நீளவில்லையே என்று மனம் நொந்தேன். அந்தக் கை என்னுடையதாகவும் இருக்கக்கூடும் என்று அப்போது எண்ணவில்லை.

மாலையில் ஒரு சிறிய அரங்கில் கண்ட நாடகம் ‘மெஷர் ஃபார் மெஷர்’. 1604-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று முதலாம் ஜேம்ஸ் மன்னரின் அவையில் நடிக்கப்பட்டது. அதன் பெயரே மலைப்பிரசங்கத்தை நினைவூட்டுகிறது. பிறருக்கு நாம் பயன்படுத்தும் அளவுகோலே நமக்கும் பயன்படுத்தப்படும் என்ற ஆண்டவரின் எச்சரிப்பை நீங்கள் அறிவீர்கள். அன்றைய குழுவினர் பழைய வசனங்களை மாற்றாமல், காலத்தை மட்டும் இன்றைக்குக் கொண்டுவந்திருந்தனர்.

கதை இதுதான். நகரை ஆளும் கோமகன் விலகி நிற்க, ஏஞ்சலோ என்பவனிடம் அதிகாரம் வருகிறது. மாசற்றவன் என்று பெயர் பெற்றவன். கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து, கணினியின் முன் அமர்ந்து, பழைய சட்டங்களைத் தூசி தட்டுகிறான். கிளாடியோவும் ஜூலியட்டும் ஒருவரையொருவர் மணப்பதாக உறுதி செய்தவர்கள். சீதனப் பணம் கைக்கு வராததால் திருமணத்தைத் தள்ளி வைத்திருந்தனர். அவள் கருவுறவே, அவனுக்கு மரண தண்டனை. அவளைத் தெருவில் நடத்திச் செல்லும்போது சுற்றி நின்றோர் கைப்பேசியில் படம் எடுத்தனர். அரங்கில் சிலர் சிரித்தார்கள்.

கிளாடியோவின் சகோதரி இசபெல்லா, துறவு மடத்தில் சேரவிருந்தவள், அண்ணனுக்காக மன்றாட வருகிறாள். ஏஞ்சலோ அவளையே விலையாகக் கேட்கிறான். அவனோ, சீதனம் கடலில் மூழ்கிப்போனதென்று தனக்கு நிச்சயிக்கப்பட்ட மரியானாவைக் கைவிட்டவன்!

முடிவில் எல்லாம் வெளிப்படுகிறது. ஏஞ்சலோவுக்கு மரணம் விதிக்கப்படுகிறது. அவனை இன்னும் நேசிக்கும் மரியானா, தன்னோடு முழங்காற்படியிடும்படி இசபெல்லாவைக் கெஞ்சுகிறாள். அண்ணன் இறந்துவிட்டான் என்றே இசபெல்லா நம்பியிருக்கும் நேரம் அது. அரங்கு அமைதியாயிற்று. அவள் மெல்ல முழங்காற்படியிட்டு, தன் பகைவனின் உயிருக்காகப் பரிந்து பேசினாள். கிளாடியோ உயிரோடிருப்பது அதன் பிறகே தெரியவருகிறது.

அந்நேரத்தில் என் கண் முன் நின்றது வேறொரு பெண். ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில், ஒரு கிராமச் சபையில், கருவுற்றிருந்த ஓர் இளம்பெண்ணும் அவளை மணக்கவிருந்த வாலிபனும் என்னிடம் வந்தார்கள். பீடத்தின் முன் அவர்களுக்கு இடமில்லை என்பது அங்கிருந்த வழக்கம். ஆலயத்தின் பக்கத்து அறையில், கதவைச் சாத்தி, முக்காடும் பாட்டும் இன்றித் திருமணத்தை முடித்தேன். “பிள்ளைங்களுக்கு ஆசீர்வாதமா ரெண்டு வார்த்தை சொல்லுங்க ஐயா” என்று பெண்ணின் தாயார் கேட்டார். நேரமில்லை என்றேன். பதிவேட்டில் கையொப்பம் வாங்கி அனுப்பிவிட்டேன்.

அதே ஆண்டில், பெருந்தொகை வரதட்சணை பேசி முடித்த ஒரு திருமணத்தை மணியடித்து, பாடகர் குழு பாட, பீடத்தின் முன் நடத்தி வைத்தேன். அங்கே எந்த ஒழுங்கும் என் நினைவுக்கு வரவில்லை. என் கையில் இரண்டு அளவுகோல்கள் இருந்தன.

ஊர் திரும்பியதும் அந்தப் பெண்ணின் தொலைபேசி எண்ணைத் தேடிப் பெற்று மன்னிப்புக் கேட்டேன். நெடுநேரம் மௌனம். பின்பு, “எங்கம்மா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க ஐயா” என்றார். அதற்குமேல் இருவராலும் பேச இயலவில்லை.

அன்பானவர்களே, பாவத்தைப் பாவம் அல்ல என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. துரும்பைச் சுட்டிய விரலுக்குரியவனின் கண்ணில் உத்திரம் கிடந்தது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். நம் சபையிலும் பின்வரிசையில் ஒதுங்கி அமர்வோர் உண்டு; நம் பேச்சுக்கு அஞ்சி வராமலே போனவர்களும் உண்டு. இந்த வாரம் அவர்களில் ஒருவருடைய வீட்டுக்குச் செல்லுங்கள். சொல்லாமல் விட்ட அந்த இரண்டு வார்த்தைகளைச் சொல்லுங்கள். கேட்க வேண்டியவர் உயிரோடிருக்கும்போதே சொல்லுங்கள்.

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, எங்கள் கையிலுள்ள கள்ள அளவுகோல்களை எங்களுக்குக் காட்டும். நீர் எங்களுக்கு அளந்த கிருபையால் பிறரையும் அளக்கக் கற்றுத்தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.